கூட்டாளி கையெழுத்திட மறுத்தபோது

1972 அக்டோபர் 19. சைகோன் நகரின் சுதந்திர மாளிகை. தென் வியட்நாம் அதிபர் நுயென் வான் தியூவைப் பார்க்க அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிஸ்ஸிஞ்சர் வந்திருக்கிறார். கையில் சமாதான ஒப்பந்தத்தின் வரைவு. பாரிஸ் நகருக்கு வெளியே, வட வியட்நாமின் லே டக் தோவோடு ரகசியமாக உட்கார்ந்து பேசி முடித்த வரைவு அது. அதில் தீர்மானிக்கப்படுவது தென் வியட்நாமின் தலைவிதி. ஆனால் அந்தப் பேச்சில் தென் வியட்நாமுக்கு ஒரு நாற்காலிகூட இல்லை. கிஸ்ஸிஞ்சர் தியூவிடம் கொடுத்தது ஆங்கிலப் பிரதி. தியூவின் செயலாளரும் உறவினருமான ஹோவாங் டக் நியா உடனே கேட்டார்: வியட்நாமிய மொழிப் பிரதி எங்கே?

அது வந்தது. போருக்குப் பிறகு சைகோன் அரசு, தெற்கின் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்கள், நடுநிலையாளர்கள் என்ற மூன்று தரப்பினரையும் கொண்டு அமையவிருந்த ஒரு சபையைப் பற்றி ஆங்கிலத்தில் ‘நிர்வாக அமைப்பு’ என்று இருந்தது. தேர்தல் நடத்த உதவுவதுபோன்ற வேலைகளைச் செய்யும் குழு என்றுதான் அதைப் படிப்பவர் நினைப்பார். வியட்நாமியப் பிரதியில் இருந்த சொல்லுக்கோ ‘ஆட்சி அமைப்பு’ என்றே பொருள் கொள்ளலாம். நிர்வாகத்துக்கும் ஆட்சிக்கும் உள்ள தூரம் தமிழ் தெரிந்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தாசில்தார் செய்வது நிர்வாகம், முதலமைச்சர் செய்வது ஆட்சி. தன் அரசாங்கத்தின் தலைக்கு மேல் இன்னொரு அரசாங்கத்தைக் கூட்டாளியே கொண்டுவந்து வைக்கிறான் என்று தியூ நினைத்தார். மூன்று நாள் கழித்து, இதில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஆயுதம், எண்ணெய், பணம் எல்லாவற்றுக்கும் அமெரிக்காவை நம்பியிருந்த ஒரு நாட்டின் அதிபரால் எப்படி அமெரிக்காவிடம் முடியாது என்று சொல்ல முடிந்தது? இதற்குப் பதில் தெரிந்துகொண்டால், போர்க்காலத்தில் நேச நாடுகள் தங்களுக்குள் நடத்தும் ராஜதந்திரம் என்பது என்ன என்று ஓரளவு பிடிபட்டுவிடும்.

நேச நாடுகள் என்றதும் தோளோடு தோள் நிற்கும் நண்பர்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகம் அப்படித்தான் நம் மனதில் பதிய வைத்திருக்கிறது. உண்மையில் கூட்டணி என்பது எதிரி யார் என்பதில் மட்டும் ஒத்துப்போவது. எதற்காகப் போரிடுகிறோம், எவ்வளவு இழக்கத் தயார், எந்த இடத்தில் போதும் என்று நிறுத்திக்கொள்வது என்பவற்றில் ஒவ்வொரு அரசுக்கும் தனிக் கணக்கு உண்டு. சண்டை நடக்கும்வரை அந்த வேறுபாடு மறைந்திருக்கும். நிறுத்தலாம் என்ற பேச்சு வந்ததும், ஒரு சொல்லிலோ ஒரு வினைமுற்றிலோ அது வெளியே வந்து நிற்கும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1954 ஜெனீவா மாநாட்டில் வியட்நாம் 17ஆம் இணைகோட்டில் தற்காலிகமாகப் பிரிக்கப்பட்டது. வடக்கே ஹனோயில் கம்யூனிஸ்ட் அரசு, தெற்கே சைகோனில் அமெரிக்க ஆதரவு பெற்ற அரசு. மாநாட்டுக்கு பிரிட்டனும் சோவியத் யூனியனும் இணைத் தலைவர்கள். போர்நிறுத்தத்தைக் கண்காணிக்கும் ஆணையத்துக்கு இந்தியா தலைமை, கனடாவும் போலந்தும் உறுப்பினர்கள். நாட்டை இணைக்க 1956இல் நடக்கவேண்டிய தேர்தல் நடக்கவில்லை. தெற்கில் கிளர்ச்சி வளர்ந்தது. 1965 மார்ச் 8 அன்று அமெரிக்க மரைன் படையினர் டா நாங் கடற்கரையில் இறங்கினார்கள். 1969இல் வியட்நாமில் இருந்த அமெரிக்கத் துருப்புகள் 5.4 லட்சத்தைத் தாண்டின.

இவ்வளவு பெரிய நாட்டுக்கு மற்றவர்கள் துணை எதற்கு? ராணுவக் கணக்கில் பெரிதாகத் தேவைப்படவில்லை, அரசியல் கணக்கில் தேவைப்பட்டது. உலகின் கண்ணுக்கும் சொந்த மக்களின் கண்ணுக்கும் இது அமெரிக்கா மட்டும் நடத்தும் போராகத் தெரியக்கூடாது என்று அதிபர் லிண்டன் ஜான்சன் விரும்பினார். அதனால் 1964இல் ‘இன்னும் பல கொடிகள்’ என்ற திட்டம் தொடங்கியது. தூதர்கள் நாடு நாடாகப் போய்ப் படை கேட்டார்கள்.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அனுப்பின. தங்கள் பகுதியை விட்டு அமெரிக்கா போய்விடக்கூடாது என்ற கவலைதான் அவர்களுக்கு முதன்மையான காரணம். பிலிப்பைன்ஸ் ஒரு பொறியாளர் பிரிவை அனுப்பியது. தாய்லாந்து படையும் தந்தது, அதைவிட முக்கியமாக விமானத் தளங்களையும் தந்தது. வட வியட்நாம்மீது குண்டு வீசிய விமானங்களில் பெரும்பகுதி தாய்லாந்து மண்ணிலிருந்துதான் கிளம்பின.

தென் கொரியாவின் கதையைச் சற்று நின்று பார்க்கவேண்டும். அதிபர் பார்க் சுங் ஹீ மொத்தத்தில் சுமார் 3.2 லட்சம் வீரர்களைச் சுழற்சி முறையில் அனுப்பினார். ஒரே நேரத்தில் அங்கே இருந்தவர்கள் 50,000 வரை. தெற்கின் பக்கம் நின்று போரிட வெளிநாட்டிலிருந்து வந்த படைகளில் அமெரிக்காவுக்கு அடுத்தபடியாகப் பெரியது இதுதான். இதற்கு விலை இருந்தது, அது எழுத்திலும் இருந்தது. 1966 மார்ச்சில் அமெரிக்கத் தூதர் வின்த்ராப் பிரவுன் சியோல் அரசுக்கு ஒரு குறிப்பாணை கொடுத்தார். கூடுதல் படைக்கான செலவையும் வீரர்களின் வெளிநாட்டுப் படியையும் அமெரிக்கா ஏற்கும், கொரிய ராணுவத்தை நவீனமாக்க உதவும், வியட்நாமில் தேவைப்படும் பொருள்களில் ஒரு பகுதியைக் கொரியாவிடமே வாங்கும், கட்டுமான ஒப்பந்தங்களில் கொரிய நிறுவனங்களுக்கு வாய்ப்புத் தரும், மேம்பாட்டுக் கடன் தரும் என்று வரிசையாக அதில் இருந்தது. அந்த டாலர்கள் கொரியப் பொருளாதாரத்தை உலுக்கி எழுப்பின. ஹான்ஜின், ஹூண்டாய் போன்ற நிறுவனங்கள் வெளிநாட்டு வேலையைப் பழகிக்கொண்ட களங்களில் வியட்நாமும் ஒன்று.

இதைக் கூலிப்படை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவார்கள் சிலர். எனக்கு அது சரியாகப் படவில்லை. கொரியாவின் எல்லையில் அமெரிக்கப் படைப்பிரிவுகள் நின்றன. அவற்றைப் பெயர்த்து வியட்நாமுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் பார்க்குக்கு இருந்தது. பணத்தோடு பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான் அவர் பேரம் பேசினார். ஆனால் அந்தப் பேரத்தின் சுமையைத் தாங்கியவர்கள் வேறு. சுமார் 5,000 கொரிய வீரர்கள் திரும்பவில்லை. 1968 பிப்ரவரியில் போங் நி, போங் நியாத் கிராமங்களில் கொரிய மரைன்கள் பொதுமக்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த வழக்கில், உயிர் தப்பிய ஒரு பெண்ணுக்கு இழப்பீடு தரவேண்டும் என்று சியோல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2023இல்.

பிரிட்டன் படை அனுப்பவே இல்லை. பிரதமர் ஹரால்ட் வில்சனுக்குச் சொந்தக் கட்சியில் எதிர்ப்பு. ஜெனீவா மாநாட்டின் இணைத் தலைவராக இருந்துகொண்டு போரில் இறங்குவது எப்படி என்ற வாதமும் கைவசம் இருந்தது. பவுண்டின் மதிப்பைக் காக்க அமெரிக்க உதவி தேவைப்பட்ட காலம் அது. அப்படியிருந்தும், வாயால் ஆதரவு, படை மட்டும் கிடையாது என்று வில்சன் நின்றார். சமாதானம் பேசிவைப்பதில் தனக்கு ஒரு பங்கு இருக்கவேண்டும் என்றும் ஆசைப்பட்டார்.

1967 பிப்ரவரியில் அந்த வாய்ப்பு வந்ததாக நினைத்தார். சோவியத் பிரதமர் கோசிகின் லண்டன் வந்திருந்தார். வட வியட்நாம் தெற்கே ஆள் அனுப்புவது நிற்கும் என்ற உறுதி கிடைத்ததும் அமெரிக்கா குண்டுவீச்சை நிறுத்திவிடும் என்ற யோசனையை வில்சன் கோசிகினிடம் எழுத்தில் கொடுத்தார். அமெரிக்காவின் நிலை அதுதான் என்று நம்பித்தான் கொடுத்தார். அதன் பிறகு வாஷிங்டனிலிருந்து திருத்தம் வந்தது. ‘நிற்கும்’ என்பது ‘நின்றுவிட்டது’ என்று மாறியிருந்தது. முதலில் குண்டுவீச்சு நிற்கட்டும், பிறகு ஊடுருவல் நிற்கும் என்றிருந்த வரிசை தலைகீழானது. எதிர்காலம் இறந்தகாலமாக மாறிய அந்த ஒரு வினைமுற்றில் வில்சனின் முயற்சி முடிந்துபோனது. கோசிகின் முன்னால் அவருக்குப் பெரிய தலைகுனிவு. படை தராத கூட்டாளியின் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதை அந்த வாரம் அவருக்குக் காட்டியது.

களத்திலும் இதே கதைதான். 1950இல் கொரியப் போரின்போது தென் கொரியப் படை முழுவதும் ஐ.நா. தளபதியான மெக்ஆர்தரின் ஆணைக்குக் கீழ் வைக்கப்பட்டது. வியட்நாமில் அப்படி ஒரே தலைமை அமையவில்லை. அமெரிக்கத் தளபதி அமெரிக்கப் படைக்கு, சைகோன் தளபதிகள் தங்கள் படைக்கு, கொரியர்கள் தங்களுக்கு என்று தனித்தனியாக ஆணையிட்டார்கள். வெள்ளைக்காரத் தளபதியின் கீழ் வியட்நாமியப் படை என்றால், பிரெஞ்சு ஆட்சியின் நினைவு இன்னும் ஆறாத ஊரில் அது என்ன பேச்சைக் கிளப்பும் என்று இரு தரப்புக்கும் தெரியும்.

அதன் விளைவு 1971 பிப்ரவரியில் தெரிந்தது. வடக்கிலிருந்து லாவோஸ் வழியாகத் தெற்கே ஆளும் ஆயுதமும் போன ஹோ சி மின் பாதையை வெட்ட லாவோஸுக்குள் படை நுழைந்தது. லாம் சோன் 719 என்பது அந்த நடவடிக்கையின் பெயர். அமெரிக்கத் தரைப்படை லாவோஸுக்குள் போகக்கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டிருந்ததால், தரையில் போனவர்கள் தென் வியட்நாமியர் மட்டும். ஹெலிகாப்டரும் குண்டுவீச்சும் அமெரிக்காவுடையவை. உள்ளேயே இருந்து அடியுங்கள் என்று வாஷிங்டன் சொல்லிக்கொண்டிருந்தது. செத்துக்கொண்டிருந்தது தியூவின் தேர்ந்த படைகள். அவர் செபோன் என்ற ஊரைத் தொட்டதாகக் காட்டிவிட்டுப் படையைத் திருப்பிக்கொண்டார். வாஷிங்டனுக்குக் கடும் கோபம். தியூவின் இடத்தில் இருந்து பார்த்தால், அந்தப் படைதான் அவருடைய ஆட்சி. அது போனால் மறுநாள் அவர் இல்லை. 1963இல், அமெரிக்கா தடுக்காமல் விட்ட ஒரு ராணுவப் புரட்சியில் தென் வியட்நாமின் அன்றைய அதிபர் நோ டின் தியெம் கொல்லப்பட்டதை அவர் மறந்திருக்க வழியில்லை. அந்தப் புரட்சியில் படை நடத்தியவர்களில் அவரும் ஒருவர்.

இனி, முடியாது என்ற சொல்லுக்கு வருகிறேன். தியூ அதை முதலில் சொன்னது 1968இல். அக்டோபர் 31 அன்று ஜான்சன் வட வியட்நாம்மீது குண்டுவீச்சை நிறுத்துவதாக அறிவித்தார். அமெரிக்காவும் ஹனோயும் பாரிஸில் வெளிப்படையாக நடத்திவந்த பேச்சில் இனி சைகோனும் சேரும், தெற்கின் கிளர்ச்சியாளர்களான தேசிய விடுதலை முன்னணியும் சேரும் என்பது ஏற்பாடு. நவம்பர் 2 அன்று தியூ தன் நாடாளுமன்றத்தில் எழுந்து, முன்னணி தனித் தரப்பாக உட்காரும் பேச்சுக்கு நாங்கள் வரமாட்டோம் என்றார். நவம்பர் 5 அமெரிக்கத் தேர்தல். ஜான்சன் கட்சியின் ஹம்ப்ரியை ரிச்சர்ட் நிக்சன் சுமார் 5 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பொறுத்திருங்கள் என்ற செய்தி நிக்சன் தரப்பிலிருந்து ஆனா ஷெனால்ட் என்ற பெண்மணி வழியாக வாஷிங்டனில் இருந்த தென் வியட்நாம் தூதருக்குப் போய்க்கொண்டிருந்தது பின்னால் வெளிவந்தது. அந்தத் தகவல் போகாமல் இருந்திருந்தாலும் தியூ மறுத்திருப்பார் என்றே நான் நினைக்கிறேன். எதிரே முன்னணி ஒரு தரப்பாக உட்கார்ந்துவிட்டால் தென் வியட்நாமில் இரண்டு அரசுகள் என்றாகிவிடும்.

அதனால்தான் அடுத்த பத்து வாரம் மேசை வடிவத்தைப் பற்றிய சண்டையில் போனது. ஊரெல்லாம் சிரித்தது. நாலு பக்க மேசை என்றால் நாலு சமமான தரப்புகள். எதிரெதிராக இரண்டு பக்கம் என்றால் இரண்டு தரப்பு, அதில் முன்னணி ஹனோயின் வால். மேசையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசியது யார் அரசு, யார் அரசு இல்லை என்பதைப் பற்றித்தான். கடைசியில் 1969 ஜனவரியில், கொடியோ பெயர்ப் பலகையோ இல்லாத ஒரு வட்ட மேசை, இருபுறமும் செயலர்களுக்குச் சிறு செவ்வக மேசைகள் என்று முடிந்தது. அது நாலு தரப்பு என்று ஹனோயும், இரண்டு தரப்பு என்று சைகோனும் சொல்லிக்கொள்ளலாம்.

ஹனோய்க்கும் கூட்டாளிகள் இருந்தார்கள், அங்கும் உரசல் இருந்தது. 1954இல் 13ஆம் இணைகோட்டைக் கேட்டவர்களை 17ஆம் கோட்டுக்கு இறங்கிவரச் செய்ததில் சீனாவுக்கும் சோவியத்துக்கும் பங்கு உண்டு. அந்தக் காயம் ஆறவில்லை. 1965க்குப் பிறகு சீனா சாலை, ரயில் பாதை, விமான எதிர்ப்புப் பணிகளுக்காகச் சுழற்சியில் மொத்தம் 3.2 லட்சம் பேரை அனுப்பியது. சோவியத் ஏவுகணைகளும் கனரக ஆயுதங்களும் தந்தது. இரண்டும் ஒன்றையொன்று வெறுத்தன. 1969இல் எல்லையில் சுட்டுக்கொண்டன. பேச்சுக்குப் போகாதே என்றது சீனா, போ என்றது மாஸ்கோ. ஹனோய் இரண்டு பேரிடமும் வாங்கிக்கொண்டது, அமெரிக்காவோடு பேசும் அறைக்குள் இருவரையும் விடவில்லை. ஒருவர் கையை இழுத்துக்கொண்டால் இன்னொருவர் உண்டு. 1972 பிப்ரவரியில் நிக்சன் பெய்ஜிங் போய்க் கைகுலுக்கியது ஹனோய்க்குக் கசந்தாலும், அது தாங்கியது. சைகோனுக்கோ இருந்தது ஒரே புரவலர். பேரம் பேசும் பலம் என்று வரும்போது இந்த வித்தியாசத்துக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன்.

ஆக, 1972 அக்டோபரில் தியூவின் கையில் இருந்தது ஒன்றே ஒன்று, அவருடைய சம்மதம். அமெரிக்காவுக்கு வேண்டியது தன் வீரர்கள் வெளியேறுவதும், சிறைப்பட்டவர்கள் வீடு திரும்புவதும். கூட்டாளியைக் கைவிட்டோம் என்ற பெயர் வராமல் அது நடக்கவேண்டும். அந்தப் பெயர் வராமலிருக்க தியூவின் கையெழுத்து தேவை. தியூவுக்கு வேண்டியதோ, தெற்கில் ஏற்கெனவே இருந்த வட வியட்நாம் படை வெளியேறுவது. அமெரிக்கக் கணக்கில் அவர்கள் சுமார் 1.45 லட்சம் பேர். வரைவின்படி அமெரிக்கர்கள் 60 நாளில் போய்விடவேண்டும். வடக்கின் படை போகவேண்டும் என்று ஒரு வரியும் இல்லை.

தியூ மறுத்ததும், அக்டோபர் 26 அன்று ஹனோய் வானொலி ஒப்பந்தத்தின் சாரத்தை உலகுக்கே வாசித்துவிட்டது. அன்றே கிஸ்ஸிஞ்சர், சமாதானம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்றார். நவம்பரில் அவர் தியூ கேட்ட 69 திருத்தங்களை லே டக் தோவிடம் எடுத்துப்போனார். பேச்சு முறிந்தது. டிசம்பர் 18 முதல் 29 வரை பி-52 விமானங்கள் ஹனோய்மீதும் ஹைபோங்மீதும் குண்டு பொழிந்தன. ஹனோயின் காம் தியென் தெரு தரைமட்டமானது. பாக் மாய் மருத்துவமனையில் குண்டு விழுந்தது. கூட்டாளிக்கு, உன்னைக் கைவிடவில்லை பார் என்று காட்டுவதும் அந்தக் குண்டுவீச்சின் நோக்கங்களில் ஒன்று என்பதை நினைத்தால் மனம் பதறுகிறது.

இன்னொரு பக்கம் சைகோனுக்கு விமானங்களும் டாங்கிகளும் அவசரமாக வந்து இறங்கின. ஒப்பந்தம் வந்துவிட்டால், பழுதான ஒன்றுக்குப் பதில் ஒன்றுதான் தரமுடியும். அதனால் முன்கூட்டியே கொட்டினார்கள். தென் கொரியா, தைவான், ஈரான் ஆகிய நாடுகளிடமிருந்து எஃப்-5 போர் விமானங்களைக் கடன் வாங்கியும் அனுப்பினார்கள்.

இவற்றோடு கடிதங்கள். நிக்சன் தியூவுக்குத் தனிப்பட்ட முறையில் எழுதியவை. ஹனோய் ஒப்பந்தத்தை மீறினால் விரைவான, கடுமையான பதிலடி தருவோம் என்று நவம்பர் 14 கடிதம் சொன்னது. முழு பலத்தோடு பதில் தருவோம் என்றது 1973 ஜனவரி 5 கடிதம். ஜனவரி நடுவில் வந்த கடிதத்தின் குரல் வேறு: 23ஆம் தேதி சுருக்கொப்பம் இடுவேன், தேவைப்பட்டால் தனியாகவே இடுவேன். இரண்டு கைகளிலும் இரண்டு விதமான காகிதத்தை வைத்துக்கொண்டு தியூ பணிந்தார்.

1973 ஜனவரி 27 அன்று பாரிஸில் கையெழுத்து இரண்டு முறை நடந்தது. காலையில் நான்கு தரப்பும் கையெழுத்திட்ட பிரதி, மாலையில் அமெரிக்காவும் வட வியட்நாமும் மட்டும் கையெழுத்திட்ட பிரதி. தெற்கின் கிளர்ச்சி அரசை, அதாவது தற்காலிகப் புரட்சி அரசாங்கத்தை, பெயர் சொல்லிக் குறிப்பிடும் காகிதத்தில் கையெழுத்திட சைகோன் மறுத்ததால், காலைப் பிரதியின் வாசகத்தில் அந்தப் பெயர் இல்லை. மாலைப் பிரதியில் இருந்தது. மேசைச் சண்டை நாலு ஆண்டு கழித்துக் காகிதத்தில் தொடர்ந்தது.

அந்தக் கடிதங்கள் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் காட்டப்படவில்லை. ஒரு அதிபரின் தனிப்பட்ட வாக்கு, ஒரு நாட்டின் சட்டம் ஆகாது. 1973 ஆகஸ்ட் 15க்குப் பிறகு இந்தோசீனாவில் அமெரிக்கப் படை நடவடிக்கைக்குப் பணம் கிடையாது என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 1974 ஆகஸ்டில் நிக்சன் பதவி விலகினார். அந்த ஆண்டு சைகோனுக்கான ராணுவ உதவி, கேட்டதில் ஏறத்தாழப் பாதியாக, 70 கோடி டாலராகக் குறைந்தது. 1975 ஜனவரியில் தெற்கின் பூக் லாங் மாகாணம் வட வியட்நாம் படையிடம் விழுந்தது. ஹனோய் காத்திருந்து பார்த்தது. பி-52கள் வரவில்லை. மார்ச்சில் பான் மே துவாட் நகரம் விழுந்தது. ஏப்ரல் 21 அன்று தியூ, அமெரிக்கா வாக்குத் தவறிவிட்டது என்று தொலைக்காட்சியில் குமுறிவிட்டுப் பதவி விலகினார்.

ஏப்ரல் 30 முற்பகலில் வட வியட்நாம் டாங்கி ஒன்று சுதந்திர மாளிகையின் இரும்புக் கதவை மோதித் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. வாஷிங்டனில் அன்று விடிந்த பிறகு, தியூவின் அமைச்சராக இருந்த நுயென் தியென் ஹுங் பத்திரிகையாளர்களை அழைத்து, நிக்சனின் கடிதங்களில் இரண்டை அவர்களிடம் கொடுத்தார். ‘முழு பலத்தோடு’ என்று எழுதியிருந்த அந்த வரியை அமெரிக்க மக்கள் படித்தது அப்போதுதான்.